அருளப்பன் தட்டு

அத்தியாயம் பதினான்கு

அமலோற்பவம் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "உள்ளே என்னதான் செய்தாள், சொன்னால் குறைந்தா போவீர்கள்?" என்று புத்தூரிலிருந்து ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கதவு இந்த வாரம்தான் திறக்கிறது, நான் என்ன செய்ய?

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜெபகுமார் திருப்பதியில் டிராவல்ஸ் வேன் ஓட்டுகிறார். மனைவி அமலோற்பவம் கன்னியர் மடத்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவள், சொந்தபந்தம் யாருமில்லை என்றுதான் பிள்ளைகளுக்கும் பங்கு மக்களுக்கும் தெரியும். கோயிலில் மரியாயின் சேனைத் தலைவி. மகன் சஞ்சய் ஸ்ரீசிட்டியில் தங்கி வேலை பார்க்கிறான். அவனுக்கு வேலூரில் பெண் முடிவாகி, வருகிற ஞாயிறு பூசையில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கப் போகிறார்கள். பெண் வீட்டார் சாதி பார்க்கிறவர்கள். நடுவில் நின்று பேசி முடித்தவள் ஜெபகுமாரின் அக்கா. அவள் அதைவிடப் பார்க்கிறவள்.

மகள் சபீனா கல்லூரி இரண்டாம் ஆண்டு. கத்தோலிக்க மாணவர்களின் சமூக நீதி முகாமுக்குச் செயலாளர் அவள்தான். சித்தூர், குப்பம், சாந்திபுரம் என்று நாலாபக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகளைப் பங்கு மக்களின் வீடுகளில் தங்க வைத்தார்கள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் தன் வீட்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள் சபீனா. யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று பார்த்துக்கொண்டது பங்கு இளைஞர்கள். சபீனா முதல் நாள் இரவு முகாம் கூடத்திலேயே தங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிப் பெண்ணிடம் நாலு வார்த்தை பேசியதும் அமலோற்பவம் அடுப்படிக்குள் போய்விட்டாள். போன வாரக் கதை அவ்வளவுதான்.

இப்போது இரண்டாம் நாள் காலை. பங்குக் கோயில் கூடம்.

இந்த முகாமுக்கு ஒரு முறை உண்டு. பார், சிந்தி, செயல்படு. முதலில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். படித்ததையோ கேள்விப்பட்டதையோ சொன்னால் சிஸ்டர் பிலோமினா கையைக் காட்டி உட்கார வைத்துவிடுவார். தானே கண்ணால் கண்ட அநியாயம் ஒன்று. யார் பெயரும் எந்த வீட்டின் அடையாளமும் சொல்லக் கூடாது. பிறகுதான் பேச்சு. அப்புறம்தான் தீர்மானம்.

பிற்பகலில் எல்லோரும் நின்று எடுக்கப்போகும் உறுதிமொழியைச் சபீனாவே எழுதியிருந்தாள். 'ஒரு மனிதரை இன்னொரு மனிதர் இழிவுசெய்வதை முதலில் என் வீட்டில் ஒழிப்பேன்' என்று தொடங்கும். மூன்று இரவு உட்கார்ந்து எழுதியது. அதைத் தானே முன்னால் நின்று சொல்லப்போகிறோம் என்பதில் அவளுக்கு இருந்த பெருமையை மறைப்பானேன், நிறையவே இருந்தது.

நான்காவதாக எழுந்தவள் ஒல்லியான பெண்.

"எம் பேரு ஷோபா. கங்காதர நெல்லூரு. சித்தூர்ல பி.எஸ்சி. படிக்கிறேன்" என்றாள். அப்புறம் பேச்சு வரவில்லை.

"செப்பம்மா, பயபடொத்து" என்று சிஸ்டர் தெலுங்கில் தைரியம் சொன்னார்.

"பயமில்ல சிஸ்டர். நான் சொல்லப்போறது இங்க நடந்தது. நேத்து."

பின்வரிசைப் பிள்ளைகள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"நேத்து சாயங்காலம் எனக்குத் தங்கறதுக்கு ஒரு வீடு குடுத்தாங்க. நம்ம கோயில் வீடுதான். வாசல்லயே திருஇருதய ஆண்டவர் படம். அந்த ஆன்ட்டி சிரிச்சிக்கினே வந்து கதவு தெறந்தாங்க. எந்த ஊரும்மான்னாங்க, சொன்னேன். ஊர்ல எந்தப் பக்கம்ன்னாங்க. காலனி, மாதா தெருன்னேன். நைனா பேரு இன்னான்னாங்க. அதையும் சொன்னேன். அவ்ளோதான், மூஞ்சி மாறிப்போச்சி. உள்ள வச்ச கால வெளிய வக்கச் சொல்லல, ஆனா முன்னாடி வராண்டாவுலயே உக்காருன்னுட்டாங்க. உள்ள போயி கதவச் சாத்திக்கினாங்க."

யாரோ "ச்சே" என்றார்கள்.

"சோறு வந்திச்சி. மந்தாரை இலைத் தட்டுல. தண்ணி பேப்பர் கப்புல. உள்ள ஷெல்ஃபுல எவர்சில்வர் தட்டு அடுக்கி வச்சிருக்குது, கதவு சந்துல தெரியுது. தட்ட வச்சிட்டு என் மூஞ்சியப் பாக்காம, 'துன்னுட்டு'ன்னு சொல்ல வந்து நிறுத்திக்கினு, 'சாப்பிட்டுட்டு இலையை நீயே வெளியில போட்டுடும்மா'ன்னாங்க. காலையில கெளம்பறப்பகூட வெளிய வரல. எங்க ஊர்ல டீக்கடையில இத நான் பாத்திருக்கிறேன். பூசைக்குப் போற வீட்லயும் இருக்குதுன்னு நேத்துதான் பாத்தேன்."

இலை எடுக்கச் சொன்னார்கள் என்றதும் சபீனாவுக்கு ரத்தம் கொதித்தது. விருந்தாளியைத் தன் எச்சில் இலையைத் தானே எடுக்கச் சொல்வார்களா? எந்த வீடு அது? தெரிந்தால் இன்றைக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று அவள் பேனாவைத் திறந்தாள்.

ஷோபா உட்காரப் போனவள் நின்றாள்.

"ராத்திரி பூரா தூக்கம் இல்ல சிஸ்டர். அந்த வராண்டாவுல ஒரு பழைய தையல் மெஷின், அது மேல மீன் தொட்டி. அந்த மீனையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

சபீனாவின் கையிலிருந்து பேனா விழுந்தது.

மீன் தொட்டியை வைக்க இடமில்லாமல் தையல் மெஷின் மேல் வைத்தவன் சஞ்சய். அம்மா தைக்க முடியவில்லை என்று இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திருப்பதி முழுவதும் தேடினாலும் இப்படி இன்னொரு வீடு கிடைக்காது.

சிஸ்டர் ஏதோ கேட்கிறார், யாரோ பதில் சொல்கிறார்கள், ஒன்றும் அவள் மண்டையில் ஏறவில்லை. அம்மாவா? அடுத்த வீட்டு லட்சுமம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு ஓடுகிற அம்மாவா? பிச்சைக்காரருக்குக்கூட அருளப்பன் தட்டில் போட்டுக் கொடுக்கிற அம்மாவா?

அருளப்பன் தட்டு என்பது அந்த வீட்டுப் பேச்சு. கனமான ஆறு எவர்சில்வர் தட்டுகள். விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு சிலுவையும் 'ஞா. அருளப்பன்' என்ற பெயரும் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் பழசுக்கு மாற்றி வாங்கினது, எவர் பேரோ என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் சஞ்சயும் சபீனாவும் 'அருளப்பன் தாத்தா, இன்னும் ரெண்டு இட்லி' என்று தட்டைத் தட்டி விளையாடுவார்கள். அதற்கு மட்டும் அம்மா சிரித்ததே இல்லை.

அந்தத் தட்டு இருக்கும்போது மந்தாரை இலை எதற்கு? ஒரு காரணம்தான் அவளுக்குத் தோன்றியது. அதைத்தான் இந்த இரண்டு நாளும் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு மணி அடித்தது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஷோபாவிடம் போய் நின்றாள்.

"ஷோபா. நீ சொன்ன வீடு எங்க வீடு."

ஷோபா ஈர முகத்தோடு திரும்பினாள். கோபம் வருமென்று சபீனா நினைத்தாள். வந்தது பயம்.

"ஐயோ, எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அந்தப் பதில்தான் சபீனாவை அழ வைத்தது. தப்பு செய்தது யார், மன்னிப்புக் கேட்கிறது யார்?

"நீ சொன்னது சரி. சொல்லாம இருந்திருந்தாத்தான் தப்பு. இப்ப என்கூட வீட்டுக்கு வா. எங்கம்மா கண்ணு முன்னாடி, நான் துன்ற தட்டுல நீ துன்னணும். இல்லன்னா மத்தியானம் அந்த உறுதிமொழிய என்னால வாயில எடுக்க முடியாது."

"வேணாம்க்கா. பையி மட்டும் அங்க இருக்குது, அத எடுத்துக்கினு வந்துட்றேன்."

"பைக்காவது வா."

சிஸ்டர் பிலோமினாவிடம் உண்மையைச் சொல்லி அனுமதி வாங்கினாள். "உங்கம்மாவ எனக்குத் தெரியும் சபீனா. போய்க் கேளு. கேக்கறதுக்கு முன்னாடி தீர்ப்பு சொல்லாத" என்றார். பெரியவர்கள் இப்படித்தான், எல்லோருக்கும் நல்லவர்களாக இருக்கப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சபீனா ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வழியில் வாயைத் திறந்தால் வண்டியை எங்காவது இடித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வராண்டாவில் மீன்கள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அடுப்படியில் அமலோற்பவம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நேற்றே சந்திரகிரிக்கு வண்டி எடுத்துப் போய் ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட ஜெபகுமார் சாப்பாட்டுக்கு வருகிற நேரம். மகளைப் பார்த்துச் சிரித்தவள், பின்னால் நின்ற ஷோபாவைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே விட்டாள். கடுகு கருகியது.

"இவ யாருன்னு தெரியுதாம்மா?" என்றாள் சபீனா.

அமலோற்பவம் கருகிய கடுகை இறக்கி வைத்தாள்.

"நேத்து ராத்திரி இவளுக்கு எதுல சோறு போட்ட?"

"சபீனா, அப்புறம் பேசலாம்மா."

"எழுவது பேர் முன்னாடி இவ சொன்னா. எந்த வீடுன்னு தெரியாம நானும் உக்காந்து கேட்டுக்கினு இருந்தேன். அந்த மீன் தொட்டி இல்லன்னா இப்பவும் தெரிஞ்சிருக்காது. ஞாயித்துக்கிழமையானா மேடையில நின்னு வாசகம் வாசிக்கிற. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் செபம் சொல்ற. நம்ம வீட்டுக்கு வந்த பொண்ண வாசல்ல உக்கார வச்சி இலையில போட்டியா?"

"நான் அப்படி நெனச்சிச் செய்யல."

"பின்ன எப்படி நெனச்சிச் செஞ்ச?"

சபீனா விடுவிடுவென்று உள்ளே போய் ஷெல்ஃபிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்தாள். ஒன்றை ஷோபாவின் கையில் திணித்தாள்.

"உக்காரு ஷோபா. இன்னிக்கு நம்ம ரெண்டு பேரும் இதுலதான் சாப்பிடறோம்."

அடுத்து நடந்ததை எழுத எனக்கே கை கூசுகிறது. அமலோற்பவம் பாய்ந்து வந்து ஷோபாவின் கையிலிருந்த தட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இதுல வேணாம்!"

இதுவரைக்கும் சபீனாவின் மனசின் ஒரு மூலையில், அம்மா ஏதாவது ஒரு காரணம் சொல்வாள், எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் என்ற நப்பாசை இருந்தது. தன் கண் முன்னாலேயே ஒரு பெண்ணின் கையிலிருந்து தட்டைப் பிடுங்குகிறாள். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

"என்னத் தொடாத" என்றாள் அம்மாவிடம். "இனிமே இந்த வீட்ல நான் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

இழுத்த இழுப்பில் தட்டு தரையில் விழுந்து நெடுநேரம் சுழன்றது. ஷோபா குனிந்து எடுத்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தாள். விளிம்பில் விரல் பட்டதும் நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அமலோற்பவம் அவளையே பார்த்தாள்.

"இந்தத் தட்டு உங்களுக்கு எப்பிடி வந்திச்சி?" என்றாள் ஷோபா.

"பழசுக்கு மாத்தினது" என்றாள் சபீனா. "எவர் பேரோ."

"எவர் பேரோ இல்லக்கா. இது எங்க தாத்தா பேரு. சிலுவையோட வெட்டினா எங்க வீட்டுது. எங்க ஊட்ல சொம்புல, அண்டாவுல, எல்லாத்துலயும் இருக்குது."

வாசலில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சபீனா தன் கையிலிருந்த தட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தா ஆறு தட்டு வாங்கி, கல்யாணத்துக்குன்னு முன்னாடியே அவரு பொண்ணுக்குக் குடுத்து வச்சாராம். எங்க நைனா சொல்லும்" என்றாள் ஷோபா. பிறகு நிமிர்ந்து அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தாள். நேற்று எந்த முகத்தைப் பார்க்க விடவில்லையோ, அந்த முகத்தை. "ஆன்ட்டி, உங்க பேரு இன்னா?"

"அமலான்னு கூப்பிடுவாங்க" என்று சபீனா சொல்லப் போனாள். அதற்குள் அம்மா பேசினாள்.

"அமலோற்பவம். அருளப்பன் பொண்ணு. உங்க நைனா இன்னாசிக்குத் தங்கச்சி."

அநாதை இல்லம், கன்னியர் மடம், யாருமில்லாதவள். பிறந்ததிலிருந்து சபீனா கேட்டு வளர்ந்த கதை ஒரு வரியில் பொய்யாகிப் போனது.

"உங்க நைனா பேர நேத்து நீ சொன்ன ஒடனே எனக்குக் கால் நிக்கல கண்ணு" என்றாள் அமலோற்பவம். "எங்க அண்ணன் மூஞ்சி அப்பிடியே உனுக்கு. ஹால்ல என் கல்யாணப் படம் மாட்டிக்கீது. தட்டுல எங்க நைனா பேரு கீது. உன்ன உள்ள கூப்ட்டா எல்லாம் தெரிஞ்சிப்பூடும். ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கறாங்க. என் ஊரு, என் தெரு தெரிஞ்சா சஞ்சய் கல்யாணம் நின்னுப்பூடும். அதான் வாசல்லயே... சாமி மேல சத்தியமா உன்னத் தாழ்வா நெனக்கல. நானே அந்தத் தெருதானே."

இந்தப் பேச்சை அம்மா வாயில் சபீனா கேட்டதே இல்லை. கீது, உனுக்கு என்றால் பிள்ளைகளைத் திருத்துகிறவள் அம்மா. இத்தனை வருஷமாக நாக்கைக்கூடக் கட்டி வைத்திருந்திருக்கிறாள்.

"அப்ப நான் முகாம்ல சொன்னது தப்பா அத்தே?" ஷோபா இன்னும் நம்ப முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், உறவுமுறை மட்டும் வாயில் தானாக வந்துவிட்டது.

"தப்பில்ல. அந்தத் தெருன்னா வாசல்லதான்னு நெனக்கறவங்களுக்குப் பயந்துதானே நானும் உன்ன வாசல்ல வச்சேன். ரெண்டும் ஒண்ணுதான்."

சபீனாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்வதா, இன்னும் நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டாள். கேட்கவும் செய்தாள்.

"ஏம்மா, ஒரு தடவையாவது நீயாப் போய் அவங்களப் பாத்திருக்கக் கூடாதா? அங்க இருந்து ஒருத்தர்கூட ஏன் வரல?"

"அவங்கதான் என்னத் தலமுழுகிட்டாங்களே. வேற சாதியிலே கட்டிக்கினு ஊர விட்டுப் போனவ செத்தவளுக்குச் சமானம், இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு நைனா சொல்லிட்டாராம். உங்கப்பாதான் நேர்ல போய் கால்ல வுழுந்து பாத்துட்டு வந்து சொன்னாரு. சஞ்சய் அப்ப வயித்துல. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவறது?"

ஷோபா தட்டைக் கீழே வைத்தாள்.

"இல்ல அத்தே."

"இன்னா இல்ல?"

"தாத்தா அப்பிடிச் சொல்லல. மாமா வந்தாரு, அது வாஸ்தவம். வந்து, வேலூர் ஆஸ்பத்திரியில பிரசவத்துல தாயும் புள்ளையும் போய்ட்டாங்க, வேலூர்லயே அடக்கம் பண்ணிட்டோம்ன்னு சொல்லிட்டு அழுதுட்டுப் போனாராம்."

அமலோற்பவத்துக்குப் புரியவில்லை. "யாரு போய்ட்டாங்க?"

"நீங்கதான் அத்தே."

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அணைக்கவில்லை.

"தாத்தா வேலூருக்குப் போயி கல்லறை கல்லறையாத் தேடிப் பாத்தாராம். கெடைக்கல. திரும்பி வந்து, நீங்க விட்டுட்டுப் போன ஒரு பொடவைய வச்சிப் பொதச்சி ஊர்லயே ஒரு சிலுவ நட்டாரு. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு நான்தான் அதுக்கு வெள்ளையடிக்கிறேன். உங்க பேர எழுதறதும் நான்தான். போன நவம்பர்லகூட எழுதினேன்."

அமலோற்பவம் அழவில்லை. தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"நைனா?" என்று கேட்டாள் கடைசியில்.

"கீறாரு அத்தே. கண்ணு சரியாத் தெரியல. ஆனா கீறாரு."

சபீனாவின் போன் அடித்தது. சிஸ்டர் பிலோமினா. உறுதிமொழிக்கு நேரமாகிறது என்று கூப்பிடுகிறார். எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. 'முதலில் என் வீட்டில்' என்று எழுதியபோது இந்த வீட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

வாசலில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஜெபகுமார் உள்ளே வந்தார்.

"அமலா, பசி உயிர் போகுது. சீக்கிரம் போடு" என்றவர், ஷோபாவைப் பார்த்துச் சிரித்தார். "யாரும்மா இது, முகாமுக்கு வந்த பொண்ணா?"

"இன்னாசி பொண்ணு" என்றாள் அமலோற்பவம்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. எந்த இன்னாசி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சபீனா மன்னித்திருப்பாள்.

அமலோற்பவம் அடுப்பை அணைத்தாள். ஷோபாவின் கையைப் பிடித்து நடு ஹாலில் உட்கார வைத்து, அருளப்பன் தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றினாள். "துன்னு கண்ணு" என்றாள். சபீனாவுக்கும் அப்படியே வைத்தாள்.

பிறகு மேல்தட்டிலிருந்து, நேற்றைய இலைக் கட்டிலிருந்து மிச்சமிருந்த மந்தாரை இலைத் தட்டு ஒன்றை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். அதை வராண்டாவில், தையல் மெஷின் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"உக்காருங்க" என்றாள் கணவனிடம். "சாப்பிட்டுட்டு இலையை நீங்களே வெளியில போட்டுடுங்க."